இடக்கைப் பந்தின் சத்தம்

மகன், உனக்கு என் ஸலாம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நீ தெல்தெனியவிலிருந்து போன் எடுத்தாய். இன்று செவ்வாய்க்கிழமை. நீ சொன்னவை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போதும் கேட்கின்றன, துணி காயப்போடும்போதும் கேட்கின்றன. நீ பேசியது முழுக்க ஒரு பொடியனைப் பற்றி. பெயர் சுரேன், வயது பதினேழு, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வருபவன், நீ பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூட ரக்பி அணியில் ஆட்டத்தை நடத்தும் பத்தாம் நம்பர். அவன் இனி முன்னேறுவானா, இல்லை அவன் இவ்வளவுதானா என்று நீயும் உங்கள் விளையாட்டு மாஸ்டரும் ஒரு மாதமாக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாய். மாஸ்டர் பொறுத்துப் பார்ப்போம் என்கிறாராம், நீ போதும் என்கிறாய். வெள்ளிக்கிழமை அவன் தாய் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவனை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடப் போகிறாய்.

"பெத்த தாய்க்குத் தெரியாததா உம்மா? அவங்களே ஏலாதுன்னு சென்னா முடிஞ்சிச்சி" என்றாய். பிறகு சிரித்தபடி இன்னொன்றும் சொன்னாய். "நானும் அப்பிடித்தானே. பதினேழு வயசோட எண்ட அளவு முடிஞ்சிச்சி. கோச் அத நேரத்தோட கண்டுபிடிச்சாரு. எனக்கு நல்லதுதான் செஞ்சாரு." நான் வேறு ஏதோ கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தவள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

இதை உனக்குப் போனில் சொல்ல எனக்கு வராது. "மகன், ஒரு விஷயம்" என்று நான் தொடங்கினாலே "சரி சரி உம்மா, பொறகு எடுக்கிற" என்பாய். கடிதத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. நான் போகிற வழியெல்லாம் நீயும் வரத்தான் வேண்டும். எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவள் நான், சுற்றிச் சுற்றித்தான் வருவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன், பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் இந்த உலகத்துக்குத் திரும்பி வருவேன் என்று உன் வாப்பா முப்பது வருடமாகக் கேலி செய்கிறார். பொய்யில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நாளைக்கு மாமா சாமான் ஏற்றிக்கொண்டு தெல்தெனியப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

உனக்குப் பதினேழு வயதான அந்த வருடம் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாடு எப்படி நடந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. வாப்பா பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடையைப் பூட்டிவிட்டு வருவார். என் நானா, உன் மாமா, கம்பளையிலிருந்து வருவார். சோறு போட்டு முடியுமுன்னே இரண்டு பேரும் உன்னைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள். நீ எதிரிலேயே இருந்து இறைச்சிக் கறியைப் பிசைந்துகொண்டிருப்பாய், உன்னை ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாப்பா ரக்பிப் பந்தைக் கையால் தொட்டதில்லை, ஆனால் கண்டியில் நடந்த ஒரு மாட்சையும் விட்டதில்லை. மாமா சின்ன வயதில் முன்வரிசையில் நின்று முட்டி விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். ஒருவர் பார்த்துப் படித்தவர், மற்றவர் பட்டுப் படித்தவர். தண்ணீர்க் கிளாசுகளை வரிசையாக நிறுத்தி, உப்புப் போத்தலை உனக்காக வைத்து, நீ போன சனிக்கிழமை எங்கே பிழை விட்டாய் என்று வாப்பா காட்டுவார். நான் குடிக்கக் கிளாஸ் கேட்டால் அது எதிரணிக்காரன் என்பார்கள்.

"பந்து கைக்கு வந்தா இவன் யோசிச்சிக்கிட்டு நிக்கிற மச்சான். அதுக்குள்ள மூணு பேர் மேல விழுந்துடுற" என்பார் வாப்பா.

"யோசிக்கிறவன்தான் பத்தாம் நம்பர். யோசிக்காதவனுகள்தான் என்னப் போல முன்னுக்கு நின்டு முட்டிக்கிற" என்பார் மாமா.

"அப்ப அந்த வலப்பக்கத்துப் பாஸ்? அதுக்கு என்ன செல்றீங்க?"

அதைக் கேட்டதும் மாமா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார். இடப்பக்கம் நீ எறிந்தால் பந்து நூல் பிடித்த மாதிரிப் போகும். இடது கையால் சுழற்றி வலப்பக்கம் எறிய வேண்டி வந்தால் மட்டும் அது வயிறு குப்புறப் பறந்து யாருடைய காலடியிலாவது விழும். எதிரணிகள் அதைக் கண்டுகொண்டார்கள். உன்னை வலப்பக்கம் திருப்பிவிட்டால் போதும், மிச்சத்தை நீயே அவர்களுக்குச் செய்து கொடுப்பாய். பதினேழு வயதுக்குப் பிறகு கை திருந்தாது என்று வாப்பா சொல்ல, கை திருந்தும், மனிசன்தான் திருந்த மாட்டான் என்று மாமா சொல்ல, கறி ஆறிப்போகும். இரண்டு பேரும் உன்மேல் உயிராக இருந்தார்கள். ஆனால் ஒரு நாளும் உன் முகத்துக்கு நேரே ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. நம்முடைய ஆட்கள் அப்படித்தான், நானும் அப்படித்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் உன் மாட்சுக்கு ஒரே ஒரு தரம்தான் வந்தேன். கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி, பேராதனைப் பாலத்தில் கங்கையைப் பார்த்து, கண்டியில் இறங்கி நடந்து வந்தபோது மலையெல்லாம் மேகம் இறங்கியிருந்தது. மைதானத்தின் அந்தக் கரை தெரியவில்லை. ஆட்கள் வெள்ளைக்குள்ளிருந்து ஓடி வருவார்கள், திரும்ப வெள்ளைக்குள் போய்விடுவார்கள். சத்தம் மட்டும் நடுவில் நிற்கும். எனக்கு எது யார் என்று விளங்கவில்லை, நான் குடைக்குள் நின்று அரைத் தூக்கத்தில் பார்ப்பது போலப் பார்த்தேன். அப்போது நீ பந்தை உயர உதைத்தாய். அது மேகத்துக்குள் போய்விட்டது. முப்பது பேரும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு பெருநாள் காலை அளவுக்கு நீண்டது. நீ மட்டும் மேலே பார்க்கவில்லை மகன். அது எங்கே விழும் என்று தெரிந்தவன் போல நிலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாய். பந்து உன் கைக்கே வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிங்களத்தில் "யாருடைய மகன் இவன்?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். பெற்ற வயிற்றை வைத்துக்கொண்டு தெரியாது என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முந்தானைக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஏன் தெரியாது என்றேன்? கண்ணூறு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். உனக்கு நாலு வயதில் ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி உன் சுருட்டை முடியைத் தடவி "என்ன வடிவான புள்ள" என்றாள், வீட்டுக்கு வருமுன் உனக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அது காய்ச்சல் காலம், பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகள் படுத்துத்தான் கிடந்தார்கள். அதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்று முதல் யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் நான் முந்திக்கொண்டு சொல்லும் ஒரு வார்த்தை இருந்தது. "அவனுக்கு ஒண்டும் ஏலா." படிப்பு எப்படி என்றால் ஒண்டும் ஏலா. ஓதுகிறானா என்றால் ஒண்டும் ஏலா. நான் அப்படிச் சொன்னதும் கேட்டவர் "சும்மா செல்லாதீங்க, மாஷா அல்லாஹ், நல்ல புள்ளயல்லவா" என்பார். அப்போதுதான் பேச்சு முழுதாகும். நான் பாதி சொல்வேன், கேட்பவர் மறு பாதியைச் சொல்வார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மற்றவர் வேண்டும்.

இப்போது பின் சுவருக்கு வருகிறேன். குசினிக்குப் பின்னால் மண் சரியாமல் கட்டிய அந்தக் கல் சுவரில் நீ தினமும் அஸருக்குப் பிறகு பந்து எறிவாய். வாப்பா கடையில், மாமா கம்பளையில், நீ என்ன செய்கிறாய் என்று கேட்க நான் மட்டும்தான். நான் பார்த்ததில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வலது கையால் நீ எறியும் பந்து மூக்கால் போய்ச் சுவரைத் தொடும், ஒரு கட்டைச் சத்தம் வரும். இடது கையால் எறிவது வயிறு அடித்து விழும், ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருக்கும். கட்டை, துணி. கட்டை, துணி. மழை நாட்களிலும் விட மாட்டாய். எனக்கு அந்தச் சத்தத்தில் கண் சொருகும், ஒரு பாதி உறக்கத்தில் சமைப்பேன். மாதக் கணக்கில் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள், நோன்புக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று காணாமல் போனது போல இருந்தது. துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கட்டை, கட்டை. கட்டை, கட்டை. எது வலது, எது இடது என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. எட்டிப் பார்க்கலாமா என்று எழுந்தேன், பிறகு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன், என் கண்ணே பட்டுவிடும் என்று பயந்து.

நீ அடுத்த நாளும் எறிந்தாய், அதற்கடுத்த நாளும் எறிந்தாய், துணிச் சத்தம் திரும்ப வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் வாப்பா பழையபடி உப்புப் போத்தலை வைத்து உன் வலப்பக்கத்துப் பாஸைப் பற்றித் தொடங்கினார். மாட்சுகள் இன்னும் தொடங்கவில்லை, அவர் போன வருடத்தைப் பேசிக்கொண்டிருந்தார். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ சிரித்துக்கொண்டு சாப்பிட்டாய். மாட்சில் காட்டுவோம் என்று நினைத்திருப்பாய், அல்லவா?

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வாப்பா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார், நான் வந்தேன். வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். அணியில் உன் இடத்துக்கு அடுத்தபடியாக இருந்த பொடியனின் தாய் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார், நல்ல மனுஷி, எனக்கு விசிறக் காகிதம் கொடுத்தவர். கோச் ஒவ்வொரு பெற்றோராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். மகன் இன்னும் முன்னேறுவாரா, அம்மா என்ன நினைக்கிறீர்கள், வீட்டில் பார்க்கிறவர் நீங்கள்தானே. அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கண்கள். என் வாய் தானாகவே திறந்தது.

"அனே சேர், எயாட்ட மொனவத் பே" என்றேன். ஐயோ சேர், அவனுக்கு ஒன்றும் ஏலாது.

நான் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் தன் பாதியைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா, கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். சிங்களத் தாய்மாரும் கண்ணுக்குப் பயந்தவர்கள்தான், அவர்களும் தங்கள் பிள்ளைகளை இப்படித்தான் தாழ்த்திப் பேசுவார்கள், அவருக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அன்று ஊர்ப் பேச்சுப் பேசவில்லை. எனக்கு என் மகனைத் தெரியும் என்று நம்பி உண்மையைக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த கொப்பியில் என்னவோ எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். தமிழில் என்றால் நான் ஒரு சிரிப்போடு வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என்னிடம் இருந்த சிங்களம் மரக்கறி வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் போதுமானது. அந்த நாலு சொல்லுக்குப் பிறகு என்னிடம் வேறு சொல் இல்லை. பக்கத்திலிருந்த மனுஷி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன்.

பத்து நாளைக்குப் பிறகு நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பந்தை அலுமாரிக்கு மேலே வைத்தாய். "என்னப் பதினஞ்சாம் நம்பருக்குப் போட்டிருக்கி, அதுவும் ரிசேவ், பெஞ்சுல" என்றாய், உடுப்பு மாற்றப் போய்விட்டாய். வாப்பா அந்த ஞாயிறு கிளாசுகளைத் தொடவில்லை. மாமா உன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அஸருக்குப் பிறகு பின் சுவரில் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அடுப்பை மூட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். உன் கை திருந்திவிட்டது என்று உலகத்தில் அறிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. கோச்சைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடியிருப்பார். ஆனால் நான் சொன்னதால்தான் என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. கோச்சுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உன் கழுத்து முறிந்துவிடும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. நீ பெஞ்சில் இருந்த சனிக்கிழமைகளில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி எனக்குள் முதலே இருந்து, அதுதான் அன்று என் வாயைத் திறந்ததோ என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் யோசிப்பேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். முடி நரைத்துவிட்டது, ஆனாலும் தெரிந்தது, உன் கோச். நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். விளையாட்டு ஆசிரியராகப் படிக்கிறான் என்றேன். என் சிங்களம் அதற்குள் கொஞ்சம் தேறியிருந்தது. அவருக்குச் சந்தோஷம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பழைய கதை பேசினார். உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அந்த வருடம் அவருக்கும் உன் பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டருக்கும் பெரிய வாதாட்டமாம். மாஸ்டர் வேண்டாம் என்றாராம், இவர் வேண்டும் என்றாராம். "நான் உங்கள் மகன் பக்கம்தான் அம்மா" என்றார். "ஆனால் பெற்றவரே முடியாது என்று சொன்ன பிறகு, பிள்ளைக்குச் சுமை கூடிவிட்டது, தாய் அவனை விடுவிக்கச் சொல்கிறார் என்று எண்ணினேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று விட்டுவிட்டேன்." அன்பாகத்தான் சொன்னார், எனக்கு ஒரு நல்லது செய்தவர் போல. பேராதனையில் இறங்கிப் போய்விட்டார். நான் கெலிஓயாவில் இறங்க மறந்து கம்பளை வரைக்கும் போய்விட்டேன். வாப்பா வழக்கம்போலச் சிரித்தார், எந்தக் கனவில் இருந்தாய் என்று.

அன்றிலிருந்தாவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாலு வருடம் வாய் திறக்கவில்லை, இப்போது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன். உனக்கு வேலை கிடைத்தது, நீ சந்தோஷமாக இருக்கிறாய், ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது, அது ஆறவில்லை. உன் அளவு பதினேழில் முடிந்தது என்று நீ நம்பிவிட்டாய். நம்பியது மட்டுமில்லை, அதை ஒரு முழக்கோலாக எடுத்து இன்னொரு பிள்ளையை அளக்கப் போகிறாய். நான் பயத்தில் சொன்ன ஒரு பொய் உன் கைக்குள் நியாயமாக வந்து நிற்கிறது. நேற்று வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு "சுவத்துல பட்ட சத்தம் ஒண்ணாயிட்டா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நாந்தான் தோத்த" என்றார். கண் கலங்கியிருந்தது. "எழுது, அவனுக்கு நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

சுரேன் முன்னேறுவானா என்று எனக்குத் தெரியாது. நான் அவனைக் கண்டதில்லை. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பிந்துகிறான், அழுத்தம் வந்தால் உதைத்துத் தள்ளிவிடுகிறான், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசம் இல்லை. நீ சொல்வது சரியாகவும் இருக்கலாம். நீ படித்தவன், தினமும் பார்க்கிறவன். ஆனால் நீ பார்ப்பது மைதானத்தில் மட்டும்தான். விளையாட்டு முடிந்து இரண்டு பஸ் மாறி மலையேறிப் போய் அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாயா? லயத்துச் சுவரில் பந்து எறிய இடம் இருக்கிறதா? முன்னேற்றம் முதலில் மாட்சில் தெரியாது மகன், வேறெங்கோ ஒரு மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் தொடங்குகிறது. அது மைதானத்துக்கு வந்து சேரச் சில கிழமை பிடிக்கும். உனக்கு அந்தச் சில கிழமைதான் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தாய் வருவார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, மற்றப் பெற்றோருக்கு நடுவில் உட்காருவார். நீ கேட்டதும் "அவனுக்கு என்னாங்க சார் தெரியும், சும்மா ஓடுறான்" என்பார். அல்லது "நீங்க பாத்து செய்யுங்க சார்" என்பார். அதைக் கொப்பியில் எழுதாதே. அவர் உனக்குத் தகவல் சொல்லவில்லை, பிள்ளையைக் கண்ணிலிருந்து மூடுகிறார். நீ தமிழ் தெரிந்தவன், எனக்கு அன்று கிடைக்காதது அவருக்குக் கிடைக்கட்டும். தனியாகக் கூப்பிட்டுக் கதிரை கொடு. "சும்மா சொல்லாதீங்கம்மா, கெட்டிக்காரப் பொடியன்" என்று உன் பாதியை முதலில் சொல். பிறகு அவர் பேசுவதைக் கேள். பேச நேரம் எடுப்பார், அந்த நேரத்தைக் கொடு. அதற்குப் பிறகும் அவனை எடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எடு, அது உன் வேலை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட்டு எடு.

ஒன்று எனக்கு மிகப் பிந்தித்தான் உறைத்தது. கண்ணுக்குப் பயந்தால் சொல்ல நமக்கு அல்லாஹ் ஒரு சொல் தந்திருக்கிறான். நல்லதைக் கண்டால் நல்லது என்று சொல்லிவிட்டு மாஷா அல்லாஹ் என்றால் போதும், பொய் சொல்லத் தேவையில்லை. ஐந்து நேரம் தொழுகிற நான் அந்தச் சொல்லை மற்றவர் பிள்ளைகளுக்கு வாரி வாரிக் கொடுத்தேன். என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கொடுக்கவில்லை.

இதைப் படித்து உனக்குக் கோபம் வரும். வரட்டும். பதினொரு வருடத்துக் கோபம், கொஞ்சமாக வராது. போனில் அடக்கிக்கொண்டு "பரவாயில்ல உம்மா" என்று சொல்லாதே, எனக்கு அது வேண்டாம். வீட்டுக்கு வந்து காட்டு, நான் குசினியில்தான் இருப்பேன், ஓடிவிட மாட்டேன். மன்னிப்பதானாலும் நேரில் வந்து மன்னித்துவிடு.

அன்று அந்த வகுப்பறையில், அவ்வளவு பேர் பார்த்திருக்க, உன் கோச் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இதுதான் என் பதில். ஆம் சேர், என் மகன் முன்னேறுவார். முன்னேறிவிட்டார், உங்களுக்கு இன்னும் தெரியாது. நான் என் காதால் கேட்டேன். அவரைப் பத்தாம் நம்பரிலேயே விளையாட விடுங்கள். மாஷா அல்லாஹ்.

உன் உம்மா